தகரச் சீட்டில் இருந்த பேரு

கைய எடுங்க பேப்பர்காரரே. தடவிப் பாக்குறதுக்கு அது பூனக்குட்டி இல்ல. அந்தப் பெட்டி மேல உக்காருங்க. கொழும்புல இருந்து ரயிலு, பஸ்ஸுன்னு மாறி இம்புட்டுத் தூரம் வந்தீங்க, கூலிக்காரங்க லயத்துக்குள்ள நொழைஞ்ச ஒடனே என் தொட்டிங்கதான் கண்ணுல பட்டுச்சாக்கும்.

சரி, என்ன செடின்னு சொல்லுங்க பாப்போம். படிச்ச ஆளுதானே. ஆங், குனிஞ்சு தகரச் சீட்டப் படிக்கிறீங்க. கேக்டஸ்னு குத்தியிருக்கு. அப்ப ரெண்டுமே கேக்டஸ்தான்னு சொல்றீங்க. நெனச்சேன். போன மாசம் உங்க பேப்பர நடத்துற தொழிலாளர் சங்கத்துத் தலைவரு வந்தாரு, கோட்டும் தொப்பியுமா. அவரும் சீட்டத்தான் படிச்சாரு. எங்க தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற பெரிய கிராணி, யாப்பாணத்துல பாஸ் பண்ணின ஆளு, அவரும் அதேதான். செடியப் பாத்துச் சொன்ன ஒருத்தரும் கெடையாது.

ஓம் ஓம்னு தலைய ஆட்டாம இங்க பாருங்க. இந்த உருண்ட இருக்கே, முள்ளெல்லாம் ஒரே எடத்துல இருந்து கொத்தாக் கெளம்புது. அடியில பஞ்சு வச்சாப்ல சின்ன மெத்த. இதுதான் அசல். குத்தினா தண்ணி கசியும், அவ்வளவுதான். பக்கத்துல நாலு பட்டையா நிக்கிறானே, இவனுக்கு முள்ளு ரெண்டு ரெண்டா, வரப்பு ஓரத்துல. மெத்த கெடையாது. குண்டூசி நுனி பட்டாப் போதும், வெள்ளையாப் பால் வந்து நிக்கும். எங்க ஊரு வேலிக் கள்ளிக்குச் சொந்தக்காரன். கப்பல்ல வந்ததால சீமச் சட்ட மாட்டிக்கிட்டான்.

வளக்கிறதா? எங்க தோட்டத்துத் துரையோட பொஞ்சாதி, அந்தத் துரைசாணி மடியில அதுக்கு ஒரு பொஸ்தகம் இருந்துச்சு. பலாங்கொட மழையில தொட்டிய வெளிய வைக்கச் சொல்லுவா, அதுக்கு மேல தெனம் தண்ணி ஊத்தச் சொல்லுவா, அழுகினா எங்களத் திட்டுவா. கடைசியில சீமைக்குப் போனப்ப இது ரெண்டையும் குப்பையில வீசிட்டுப் போனா. நான் எடுத்தாந்தேன். நிவித்திகலயில மாணிக்கக் குழி தோண்டுற சிங்கள ஆளு ஒருத்தன், கல்லு பொறுக்கின பெறகு சல்லியக் குமிச்சு வச்சிருப்பான். அதுல பாதி, மணலு, கரித்தூளு. ஓட்டைத் தொட்டி. பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி, மழக்காலத்துல அதுவும் இல்ல. கெளைய வெட்டினா ஒடனே நடக் கூடாது, வெட்டின வாய் ஒரு வாரம் காயணும். தண்ணியக் கொறைச்சாத்தான் பொழைக்கும். கூலிக்காரனும் இந்தச் சாதிதான்னு துரைமாரு நெனச்சுக்கிட்டானுங்க.

என்ன, கூட்டத்தப் பத்திப் பேசணுமா? காட்டுங்க அந்த நோட்டீச. ‘கங்காணி பறித்த கண்: தோழர் இராமசாமி பேசுகிறார்’னு போட்டிருக்கு. யாரு எழுதினது, நீங்களா? நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம பலாங்கொடயில மேடையேறி, என்னோட இந்தக் குருட்டுக் கண்ண சனத்துக்குக் காட்டணும், அதானே?

இப்ப நான் பேசுறேன், நீங்க எழுதுங்க. பத்து வருசத்துக்கு முந்தி, கூலிங்கள மேய்க்கிற கங்காணி ஒருத்தன், காத்தமுத்து பொஞ்சாதி மருதாயிய எட்டி ஒதைச்சான். ஆறு மாசக் கர்ப்பம் அவளுக்கு. மறுநாள் காலையில பெரட்டுக் களத்துல ஆள் எண்ணுறப்ப, ஒருத்தரும் மலைக்கு வேலைக்குப் போறதில்லன்னு அன்னைக்கு ராத்திரியே லயமே முடிவு பண்ணுச்சு. முன்னால நிக்கிறது யாரு? நான்தான்னு நெஞ்சத் தட்டினேன். நோட்டீசு படிச்சே எழுத்துக் கத்துக்கிட்ட ஆளு, லயத்துல நான் ஒருத்தன்தானே.

விடிஞ்சதும் துரை பங்களாவுல இருந்து ஆள் வந்துச்சு. அப்ப நான் பங்களாத் தோட்டத்துல வேல. ரத்தினபுரி பூக்காட்சிக்குச் செடி தொட்டி மாத்தணுமாம், துரைசாணி கூப்புடுறாளாம். போனேன். ஏன் பென்சில் நின்னுபோச்சு? எழுதுங்க. போனேன். ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பயந்தான், வேற என்ன.

இதே நாலு பட்டையத்தான் மாத்தினேன். அது வந்து எறங்கின அன்னைக்கு, ரோட்டுல இருந்து நான்தான் தூக்கிட்டு வந்தேன். லயத்து வாசல்ல மருதாயி பாத்துட்டு, அண்ணே, இது கள்ளிச் சாதி, மூஞ்சிக்கிட்ட கொண்டுபோவாதீங்கன்னு சொன்னா. நான் தகரத்தக் காட்டிச் சிரிச்சேன். எழுத்து குத்தியிருக்கு பாரு, இதுல பாலே கெடையாதுன்னு துரைசாணியே சொல்லிட்டா, ஆடு மேச்சவளுக்கு என்ன தெரியும்னு கேட்டேன். அந்த நெனப்புலதான் அன்னைக்குக் காலையில பங்களாவுல அழுகின கெளைய மூஞ்சிக்கு நேரா வச்சு வெட்டினேன். பாலு கண்ணுக்குள்ள பீச்சி அடிச்சுச்சு. துரைசாணி ஓடி வந்து மொதல்ல தொட்டி ஒடைஞ்சிருக்கான்னு பாத்தா.

கண்ணுல துண்டக் கட்டிக்கிட்டுக் கீழ எறங்குறேன், களத்துல கங்காணி ஆளுங்க கம்பு வீசி முடிச்சிருந்தானுங்க. ஐயோ, வழியிலேயே மடக்கி இராமசாமி கண்ணப் பறிச்சுட்டானுங்களேன்னு சனம் கத்துச்சு. நான் இல்லன்னு சொல்லல. நான் பங்களாப் பாதையில ஏறினதப் பாத்தவன் காத்தமுத்து ஒருத்தன்தான். என் எடத்துல முன்னால நின்னு அடி வாங்கினவனும் அவன்தான். கிட்ட வந்து என் துண்டப் பாத்தான். அவன் பாட்டுக்குத் திரும்பி லயத்துக்குப் போயிட்டான். மறுநாளே, வேலைய விட்டு நிறுத்துற பத்துச்சீட்ட அவன் கையில குடுத்துத் தோட்டத்த விட்டு வெரட்டினானுங்க. அவனும் மருதாயியும் தெரணியகல ரப்பர் தோட்டத்துப் பக்கம் நடந்தே போனாங்க. அவங்க போயி, லயத்துக்கு நான் தலைவன் ஆயிட்டேன்.

அதனால என் பேர அடிச்சுட்டுக் காத்தமுத்துன்னு போடுங்க. அவனத் தேடிக் கூட்டியாங்க. முடியாதா? அச்சடிச்சுப் பலாங்கொட பூராவும் ஒட்டியாச்சா? சரி, உங்க சங்கத்துக்குக் கண்ணு வேணும், எப்புடிப் போச்சுங்கிறது வேணாம்.

வர்றேன். ஞாயித்துக்கெழம கட்டாயம் வர்றேன். வெறுங்கையோட இல்ல, இந்த நாலு பட்டையத் தூக்கிக்கிட்டு, சீட்டோட. மேடையில வச்சு சனத்துக்கு முன்னால ஊசியால குத்துறேன். நீங்க மட்டும் மொத வரிசையில உக்காராதீங்க பேப்பர்காரரே. கண்ணாடி போட்டிருந்தாலும் தெறிக்கும்.