பல் செட்டு உடைந்ததால் நின்ற பேச்சு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அண்ணன் தாண்டவராயன் அவர்களே! ஸ்ரீபெரும்புதூரை நாடி வந்து நமக்காக முகாம் நடத்தும் பல் மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையில் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! காலை ஷிப்டு முடிந்த கையோடு, களைப்பையும் பாராமல் வந்து நிற்கும் தோழர்களே! உங்கள் எல்லோரையும் இருகரம் குவித்து வணங்குகிறேன்.

பல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானோ ஒரு பல் செட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். இந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் ஒரு தாய் வாயை மூடிக்கொண்டாள்!

பென்னலூரில் எங்கள் தெருவில் வசிப்பவர் கிளியம்மாள். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். கணவரை இழந்தவர். ஒரே மகன் திருமலை, தொழிற்சாலையில் வேலை. சென்ற தை மாதம் வல்லக்கோட்டை ரத்தினத்தின் மகள் லீலாவை அவனுக்குப் பேசி முடித்தார்கள். பெண் வீட்டில் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் அடிபம்பில் கழுவும்போது கைநழுவிய பல் செட்டு, சிமென்ட் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

மகனிடம் சொன்னாரா? இல்லை. மருத்துவரிடம் போனாரா? இல்லை. கடையில் விற்கும் பசையை வாங்கித் தாமே ஒட்டி மாட்டிக்கொண்டார். ஒட்டு கோணலாகிவிட்டது. விருந்துக்குப் போவதற்குள் ஈறு கிழிந்தது, கன்னம் வீங்கியது. வாயை முந்தானையால் மூடியபடி போய் உட்கார்ந்தவர், ஒரு வார்த்தை பேசவில்லை. இலையில் வைத்த ஒரு பருக்கையைத் தொடவில்லை.

பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? எங்களை மட்டமாக நினைக்கிறாள் என்று நினைத்தார் ரத்தினம். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். திருமலை தாயைக் கேட்டான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். அவனும் எழுந்து வெளியே போய்விட்டான்.

‘வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே’ என்கிறார் அங்கே ஒரு தோழர். சொல்லியிருக்கலாம் தோழரே! ஆனால் உடம்புக்கு என்ன என்று அவரை யார் கேட்டார்கள்? அந்தப் பந்தியில் இருந்த அத்தனை பேரும் அவர் மனத்தை ஆராய்ந்தார்கள். வாயை ஒருவரும் பார்க்கவில்லை!

கேட்டவள் லீலா. தந்தையிடம் சொல்லிவிட்டே பேருந்து ஏறிப் பென்னலூர் வந்தாள்.

“அத்தை, என்னைப் புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். உங்க வாயால கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

கிளியம்மாள் முந்தானையை விலக்கினார். வாயெல்லாம் புண்.

“பல்லு செட்டு ஒடஞ்சி போச்சிம்மா. பொக்க வாயோட சம்பந்தி வூட்டுல எப்பிடி உக்கார்றது? சிரிப்பாங்களேன்னு கம்முனு இருந்துட்டேன். உன்ன புடிக்காம இல்லம்மா.”

லீலா எழுந்தாள். அடுக்களைக்குப் போய்க் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் அவளும் திருமலையும் காஞ்சிபுரத்துப் பல் மருத்துவரிடம் அவரை அழைத்துப் போனார்கள். உடைந்த துண்டுகளை அப்படியே கொண்டுவந்திருந்தால் சேர்த்துக் கொடுத்திருப்பேன், பசை போட்டதால் இனி புதிதாகத்தான் செய்யவேண்டும், அதுவும் புண் ஆறிய பிறகுதான் என்றார் மருத்துவர்.

நடந்ததை லீலா சொல்லக் கேட்ட ரத்தினம், குறித்த முகூர்த்தத்திலேயே திருமணம் என்று சொல்லியனுப்பினார். புண் ஆறுவதற்குள் அந்த நாள் வந்துவிடும். தள்ளி வைக்கலாமா என்று திருமலை கேட்டான். வேண்டாம் என்றார் கிளியம்மாள்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் திருமணம். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றவர் யார்? கிளியம்மாள்! முந்தானை தோளில் இருந்தது. பல்லில்லாத வாய் நிறைய “வாங்க, வாங்க” என்றார். சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பந்தியில் ரத்தினம் தாமே முன்வந்து, சோற்றை ரசம் விட்டுக் குழையப் பிசைந்து அவர் இலையில் வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை.

அன்பார்ந்தவர்களே! உடைந்தது பல் செட்டு; உடைய இருந்தது ஒரு உறவு. பல்லைச் செய்து கொடுக்க மருத்துவர் இருக்கிறார். வெட்கத்துக்கு யார் மருந்து கொடுப்பது? நாம்தான்! உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று உண்ணாமல், பேசாமல் ஒதுங்கினால், கோபம் என்று முடிவுகட்டாதீர்கள். அருகில் போங்கள், அமருங்கள், கேளுங்கள்! உடைந்ததை ஒளிக்காமல், ஒட்டாமல், உடனே இந்த மருத்துவர்களின் கையில் கொடுங்கள்!

வெயிலில் நின்று கேட்ட உங்கள் பொறுமைக்குத் தலைவணங்கி, வாய்ப்பளித்த சங்கத்தாருக்கு நன்றி கூறி அமர்கிறேன். வாழ்க நீங்கள், வாய்விட்டுச் சிரித்து வாழ்க! வணக்கம்.