மெர்கோங்கில் பிறந்த மாற்றம்

என் பெயர் அக்னஸ், தந்தை பெயர் மோரிஸ். வயது நாற்பத்தொன்று. அலோர் ஸ்டார், மெர்கோங்கில் வசிக்கிறேன். ஒரு தனியார் கிளினிக்கில் டேட்டாபேஸைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். கிளினிக்குக்கு மெர்கோங், சுங்கைப் பட்டாணி, தஞ்சோங் டாவாய் ஆகிய மூன்று இடங்களில் கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் தனி சர்வர் இருக்கிறது. ஒரு கிளையில் நோயாளியின் விவரத்தைத் திருத்தினால் அது தானாகவே மற்ற இரண்டுக்கும் போய்ச் சேரும்.

சென்ற மாதம் மீனவர் அப்பளசாமி காய்ச்சலில் நினைவு தடுமாறிய நிலையில் தஞ்சோங் டாவாய் கிளைக்குக் கொண்டுவரப்பட்டார். டாக்டர் சொன்னபடி தாதி தேவகி பென்சிலின் ஊசி போட்டார். அன்று மாலையே அப்பளசாமி இறந்துவிட்டார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று முன்பே சொல்லியிருந்ததாக அவர் மனைவி மருதம்மாள் கூறினார். அப்போது அதைக் கணினியில் பதிந்தவரும் தேவகிதான். ஆனால் திரையில் அந்தக் குறிப்பு இல்லை.

அதன்பின் நான் தஞ்சோங் டாவாய் சர்வரைப் பார்த்தேன். குறிப்பு அன்று காலை அழிந்திருந்தது. அப்போது அந்தக் கிளையில் தேவகி மட்டுமே இருந்ததால், நிர்வாகி பிரெடி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்.

ஒரு மாற்றம் கிளைகளுக்குள் சுற்றிச் சுற்றி வராமலிருக்க, அது முதலில் எந்த சர்வரில் செய்யப்பட்டதோ அதன் எண் அதனுடனேயே போகும். அதன்பின் அந்த எண்ணைச் சோதித்தேன். அது மெர்கோங்கின் எண். மெர்கோங் சர்வரைத் திறந்து பார்த்தபோது, அப்பளசாமி என்ற பெயரில் இருந்த இருவரின் விவரங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. மற்றவருக்கு ஒவ்வாமை இல்லாததால், இணைத்தபோது மீனவரின் பென்சிலின் குறிப்பு அழிந்துவிட்டது. இணைப்பு பிரெடியின் பெயரில் நடந்திருந்தது. அந்த நேரம் விசைப்பலகையில் உட்கார்ந்திருந்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது.

அதன்பின் இதைப் பிரெடியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "தஞ்சோங் டாவாய் சர்வர் பதிவ மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுலா, அக்னஸ். அந்தப் பொண்ணு எப்படியும் வேலைய விட்டுப் போயிரும்" என்றார். நான் இரண்டு சர்வர்களின் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

விசாரணைக்காக அழைக்கப்பட்ட தேவகி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாற்றம் மெர்கோங்கிலிருந்து வந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர், "கை தவறி நான்தான் அழிச்சிட்டேன்னு நெனச்சிட்டேங்க்கா. மருதம்மாக்கா வூட்டுக்குப் போயி, நான்தான்னு சொல்லி அழுதுட்டு வந்துட்டேன்" என்றார்.

நான் கண்டதையும் சோதித்ததையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
அக்னஸ் மோரிஸ்