இடது பக்கத்துச் சீல்

லாரியின் முன் அச்சுக்கு சீல் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, இடம்தான் வேண்டும். பசுந்தாங்கில் எங்கள் வீட்டுக்கு முன்னால் அந்த இடம் இருந்தது. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். இரண்டு நாள் தெருவை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன், ஐயா. பர்மியத்தில் எனக்குத் தடுமாற்றமில்லை. ஆனால் என் தங்கை புஷ்பலதா இதைப் படிக்க வேண்டும். நீங்கள் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வண்டி அவள் புருஷன் கணேஷ்குமாருடையது. ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரி, முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற வகை. அதனால் முன் அச்சுக்குள்ளும் கியர் ஆயில் இருக்கும். அது சக்கரத்துப் பக்கம் வழியாமல் தடுப்பதுதான் சீல். ஒருநாள் காலையில் கணேஷ்குமார் வந்து நின்றான்.

"மச்சான், முன்னாடி ரெண்டு பக்கமும் ஆயில் ஒழுகுது. வெளி ஆளு கையில குடுக்க மனசு வரல. நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவன் எங்கள் தெருவில் பத்து வீட்டுத் தலைவன். ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள் என்றதும் வீடு வீடாகப் போய்ப் பையன்களின் பெயரை எழுதியவன் அவன்தான். என் மகன் தனசேகரன் பெயரையும் எழுதினான். என் வீட்டில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே எழுதினான். பையனுக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சி முடிந்ததும் வடக்கே அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு போன் வந்தது, உடலைக் கொண்டுவர வழியில்லை என்று. அந்த வாரமும் கணேஷ்குமாரின் மகன் சின்னத்தம்பி கிட்டாரை வைத்துக்கொண்டு வாசலில் பாடிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாடே. அது உங்கள் பர்மியச் சொல், உங்களுக்கு விளக்க வேண்டாம். எதிரில் இருப்பவர் மனம் கோணிவிடுமே என்று சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்வது. இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதற்குத் தமிழ்ச் சொல்லே தேவைப்பட்டதில்லை. "கொண்டாந்து விடுங்க மாப்ளே" என்றேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இறக்கி, அச்சுத் தண்டை உருவி, பழைய சீலைப் பெயர்த்தேன். புதுச் சீலில் ஒரு ரப்பர் உதடு இருக்கும். அது ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் கசிந்து கசிந்து பிரேக் கட்டையை நனைக்கும். நனைந்த கட்டை பிடிக்காது. வலது பக்கம் முறையாகப் போட்டேன். இடத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, சீல் கோணாமல் சுற்றிலும் மெல்லத் தட்டி இறக்கினேன். இடது பக்கமும் அதே அக்கறையோடு போட்டேன், திருப்பி.

ஏன் இடது என்று கேட்டீர்கள். இடது பிரேக் பிடிக்காமல் வலது மட்டும் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். இந்த நாட்டில் சாலையின் வலது ஓரமாகத்தான் போகிறோம். அந்தப் பழைய வண்டியில் ஓட்டுபவனும் வலப்பக்கம்தான் உட்காருவான். பள்ளமும் அந்தப் பக்கம்தான். எதிரே வருகிறவர்களுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

இரண்டு நாள் ஊருக்குள்ளேயே ஓட்டினார்கள். மூன்றாம் நாள் காலை நெல் ஏற்றக் கியாக்தானுக்குக் கிளம்பினார்கள். வழியில் என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஸ்டியரிங்கில் சின்னத்தம்பி உட்கார்ந்திருந்தான். கணேஷ்குமார் இடப்பக்கம் இருந்தான்.

"அப்பாவுக்கு இடுப்பு வலி மாமா, இன்னிக்கு நாந்தான் ஓட்டுறேன். வண்டி என்னமா போவுது தெரியுமா! மாமா கை வச்சா வச்சதுதான்."

நிறுத்து என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கிளம்புகிற நேரத்தில், இவ்வளவு புகழ்கிற பையனிடம், என் வேலையை நானே குறை சொல்ல வேண்டிவரும். ஆனாடேயாக இருந்தது. "பாத்துப் போப்பா" என்றேன். அது உண்மையான அக்கறையோடு சொன்னதுதான்.

கியாக்தான் போகும் வழியில் ஒரு பாலம் தாண்டி இறங்கும் சரிவில் வண்டி கால்வாய்க்குள் போய்விட்டது. சின்னத்தம்பி அங்கேயே முடிந்துபோனான். கணேஷ்குமாருக்குத் தோளெலும்பு முறிந்தது, அவ்வளவுதான். செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். போய்ப் புஷ்பலதாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் தங்கை, அழுகை தானாகவே வந்தது. இனி அவளுக்கும் என் மனைவிக்கும் பேசிக்கொள்ள ஒரே துக்கம் இருக்கும் என்றும் அப்போது தோன்றியது.

அப்பனுக்கு வைத்தது பையனுக்கு விழுந்துவிட்டதே என்று நேற்று நீங்கள் பரிதாபப்பட்டீர்கள். வேண்டாம் ஐயா. ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்த பிறகுதான் நான் வாயை மூடிக்கொண்டேன். கணேஷ்குமார் ஓட்டியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள், சின்னத்தம்பி பெயரும் அந்தப் பட்டியலில் இருந்ததே என்று. இருந்தது. கணேஷ்குமார் தன் மகன் பெயரைத்தான் முதலில் எழுதினான். எல்லாப் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். ராணுவத்துக்குப் போக வேண்டியவன் சீட்டை யாராவது ஒருவர் வந்து எடுங்கள் என்றார்கள். பிள்ளை பெற்றவர்கள் ஒருவரும் அசையவில்லை. சிவராஜ் அண்ணன் எடுக்கட்டும், அவர் பொதுவான மனுஷன் என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து போய் எடுத்தேன். பிரித்துப் படித்ததும் நான்தான். தனசேகரன் என்று இருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள் ஐயா, கணேஷ்குமார் அந்தப் பெயரை எழுதாமல் இருந்திருந்தால், நான் எப்படி எடுத்திருப்பேன்?