தூங்குமூஞ்சி பூதம்

அது பூதம் பல்லு குத்தற குச்சி சார். பாத்து எடுங்க, சிலாம்பு ஏறிடும். ஒடஞ்ச துடுப்புதான், இங்க கோவளத்துப் படகுக்காரங்க தூக்கிப் போட்டது. நாங்க ஒரு சீட்டு ஒட்டி மாட்டி வெச்சிருக்கோம். பக்கத்துல இருக்கறது பூதத்தோட நகம், கணவாய் ஓடு. அந்த சீசாவுல ஒண்ணுமே கெடையாது. கடல் பூதத்தோட தும்மல், தெறக்காதீங்கன்னு எழுதியிருக்கும். சனி ஞாயிறுல கார்ல வர்றவங்க சிரிச்சிகினே வாங்கினு போவாங்க. அந்த வருமானத்துலதான் பின் ரூம்ல பசங்களுக்குக் கத எழுத சொல்லித் தர்றது. உங்களுக்குத் தெரியாததா. ஒரு வருஷம் சனிக்கெழம சனிக்கெழம அதிதியக் கொண்டாந்து விட்டுட்டுப் போனவரு நீங்க.

உக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல.

புரியுது சார். பசங்க கதையெல்லாம் அச்சடிச்ச புஸ்தகம் வேணாம், அவ கையெழுத்துல இருக்கற பக்கம்தான் வேணும். போன்லயும் ரெண்டு தடவ அதத்தான் கேட்டீங்க. நானும் ரெண்டு தடவ பழைய பேப்பரோட போயிருக்கும்னு சொன்னேன். இவ்ளோ தூரம் நேர்ல வருவீங்கன்னு நெனைக்கல.

வூட்ல அவ நோட்டு இருக்குமே? ஆமா, அதெல்லாம் போர்டப் பாத்து எழுதினது. அத வெச்சு இன்னா பண்றது. இங்கேர்ந்து வாராவாரம் எழுதி எடுத்துனு போனாளே, அது? ஓ. விடுங்க சார். யாரு வூட்லதான் எடுத்து வெக்கறாங்க. அவங்கம்மாவக் கோச்சிக்காதீங்க. இப்படி ஆவும்னு தெரிஞ்சா போட்டாங்க.

எங்க வழக்கம் அதுதான். எழுதின பேப்பர அன்னிக்கே பசங்ககிட்ட குடுத்து வூட்டுக்கு அனுப்பிடுவோம். புஸ்தகத்துக்கு எடுத்தது மட்டும் என்கிட்ட தங்கும். அதிதியோடது ஒண்ணுதான் எடுத்தேன்.

இங்க வர்றதுக்கு முன்னால சென்னையில ஒரு சிறுவர் பத்திரிகையில இருந்தேன் சார், இருபத்தாறு வருஷம். படாளத்துலேர்ந்து தெனம் ரயில்ல போயிட்டு வருவேன். பசங்க எழுதறதச் சரி பண்ற வேல. ஒரு பையன் யானைய ரோட்டு நடுவுல நிக்க வெச்சிட்டு, அப்பறம் நான் டிபன் சாப்பிட்டேன்னு முடிச்சிடுவான். யான அங்கியே நிக்கும். நாமதான் அத ஓட்டினு போயி அந்தாண்ட விடணும். கை பழகிப் போச்சு. பத்திரிகைய மூடினதும் காயத்ரி மேடம் கூப்பிட்டாங்க, இந்தக் கட அவங்களோடதுதான். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. புஸ்தகத்துல வர்ற எல்லாக் கதையிலயும் ஒரு பூதம் இருக்கணும். பூதக் கடையாச்சே, வர்றவங்க அதுக்குத்தான் வாங்குவாங்க. பூதம் இல்லாத கதையா இருந்தா நான் நொழச்சிடுவேன். கணக்கு வாத்தியாரு பூதமாயிடுவாரு. சண்ட போடற சித்தி பூதமாயிடுவா. பசங்களுக்கும் குஷிதான். அதிதி ஒருத்திதான் கேட்டா.

சொல்றேன், இருங்க.

அந்தக் கத உங்களுக்கே மனப்பாடமா இருக்குமே. தூங்குமூஞ்சி பூதம் தேர் ஓட்டும். தல தொங்கித் தொங்கி விழும். முன்னாடி உக்காந்திருக்கற பொண்ணு காதுல ஊதி ஊதி எழுப்புவா. புஸ்தக விழா அன்னிக்கு அவ மேடையில படிச்சப்ப எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நீங்க மொத வரிசையில நின்னுகினு போன்ல படம் புடிச்சீங்க. பசங்கள ஸ்கூல் வேன்ல கூட்டியாந்த அந்த டிரைவரும் வாசல்லேர்ந்து கைதட்டினான். அவன் கைதட்டினத நான் பாத்தேன். அவ சிரிக்கவே இல்ல. ஸ்டேஜ் பயம்னு நெனச்சேன். எவ்ளோ பசங்களப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதான்னு ஒரு திமிரு.

எறங்கி வந்து, ஆண்ட்டி, நான் பூதம்னு எழுதலையேன்னா. நீ எழுதினது வெறும் சேதிடி, இதான் கதன்னேன்.

நீங்களே இப்ப சொன்னீங்க இல்ல, போன வாரம் செங்கல்பட்டு கோர்ட்ல வேன் ஓனர் இன்னா சொன்னான்னு. மாடு குறுக்க வந்துச்சு, அதான் வேன் கவுந்துச்சு, டிரைவர் மேல இதுவரைக்கும் யாரும் ஒரு கம்ப்ளெயின்ட்டு குடுத்ததில்லன்னு. நீங்களும் அதத்தான சொல்லிச் சொல்லி மாஞ்சு போறீங்க. வேன்ல பதினோரு பசங்க, ஒண்ணு கூட வூட்ல வாயத் தெறக்கலியே, என் பொண்ணு கூட எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு.

அப்படிச் சொல்லாதீங்க சார். நீங்க அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு இங்க உக்கார முடியல.

பழைய பேப்பர்ல போவல. பொய் சொன்னேன். பயம்தான், வேற இன்னா. அவ போனதுலேர்ந்து ஏழு மாசமா இந்த மேஜையிலதான் வெச்சிருக்கேன். கிழிச்சிடலாம்னு நாலு தடவ எடுத்தேன். இந்தாங்க.

சிவப்பு மை என்னோடது. பென்சில்ல இருக்கறதுதான் அவ எழுதினது. பூதம்னு நான் எழுதியிருக்கற எடத்துலல்லாம் அடியில பாருங்க, வேன் அங்கிள்னு இருக்கும். தேர் கெடையாது, வேன்தான். ராத்திரியெல்லாம் ஏர்போர்ட்டு வண்டி ஓட்டிட்டு வருவானாம், அதையும் எழுதியிருக்கா. காதுல ஊதறது நான் போட்டது, சிரிப்பு வரட்டும்னு. அவ எழுதினது, கையக் கிள்ளுவேன், அதுக்குத்தான் என்ன முன் சீட்டுல உக்கார வெக்கறாருன்னு. கடைசியில பூதம் முழிச்சிகினு எல்லாரையும் பத்திரமா வூட்ல எறக்கி விடும் பாருங்க, அதுவும் நான்தான். அவ முடிக்கல.

எடுத்துனு போங்க சார். வக்கீல்கிட்ட குடுங்க. என்னையும் கூப்பிடச் சொல்லுங்க, வந்து சொல்றேன்.

மேலயா? ஆமா, அந்த மொத வரியும் நான் அடிச்சதுதான். வெளிச்சத்துல காட்டினா படிக்கலாம். அப்பா, வூட்ல சொல்லக் கூடாதுன்னு அங்கிள் சொல்லியிருக்காரு, அதனால எழுதறேன்னு இருக்கும். பேப்பர் எப்பவும் போல வூட்டுக்கு வந்துடும்னு நெனச்சிருக்கா. நல்ல வரிதான் சார். பக்கத்துல எடம் பத்தல, எடுத்துட்டேன்.