செகண்ட் ஷிஃப்ட் வண்டி

கன்னியப்பன்: ...ஆடாத. தக்கை ஆடுது பாரு.

அருள்பாண்டி: காத்துல ஆடுது.

கன்னியப்பன்: காத்தே இல்லப்பா. ஏரில ஒரு சுருக்கம் கூட காணோம்.

அருள்பாண்டி: அப்ப மீனாத்தான் இருக்கும்.

கன்னியப்பன்: மீனா இருந்தா தக்கை உள்ள போவும். இது பல்லு வலிக்காரன் தலையாட்டற மாதிரி ஆடுது. புழு கோத்தியா இல்லியா?

அருள்பாண்டி: கோ... கோத்தேன்.

கன்னியப்பன்: அந்தப் பக்கம் பாத்துகினு சொல்ற.

அருள்பாண்டி: வெயிலு கண்ணுல அடிக்கி. போதும்னு நெனைக்கேன். கெளம்புவமா?

கன்னியப்பன்: குந்து. நம்ப வூட்ல குடியிருக்கற பையன இட்டுகினு போறேன், மீனோடதான் வருவேன்னு வூட்டுக்காரி சுந்தராம்பாளாண்ட சொல்லிட்டு வந்துகீறேன். அவ மசாலா அரைக்க ஒக்காந்துட்டா. வெறுங்கையோட போனா அந்த அம்மிக் கொழவிக்கு யாரு பதில் சொல்றது?

அருள்பாண்டி: காலையிலருந்து ஒரு ஜிலேபி மீனு கூட வரல.

கன்னியப்பன்: பிள்ளைப்பாக்கம் ஏரில சின்னப் பசங்க துணிய விரிச்சே ஜிலேபி புடிக்கறானுங்க. ரெண்டு ஆம்பளைங்க ரெண்டு கழிய வெச்சிகினு ஒக்காந்து கீறோம். மீன் ஏலம் எடுத்த நாகப்பன் அப்டியே பாத்துட்டு போறான். 'இவனுங்களால ஏரிக்கு ஒரு நஷ்டமும் வராது'ன்னு அவன் மூஞ்சிலயே எழுதியிருந்துச்சி.

அருள்பாண்டி: உங்களுக்கு நல்லாப் புடிக்க வரும்னு நெனச்சேன்.

கன்னியப்பன்: எனக்கா? எங்க கழனிக்கு இந்த ஏரித் தண்ணிதான் பாய்ஞ்சுது. வாய்க்கால்ல வந்த மீன கூடைய வெச்சி அள்ளுவோம். தூண்டில் போட எவனுக்கு நேரம்? நீதான தூத்துக்குடிக்காரன். நீ ஒக்காந்தா மீனு மடில வந்து குந்தும்னு பாத்தேன்.

அருள்பாண்டி: தூத்துக்குடி மாவட்டம்தான். ஆனா ஊரு கரிசக்காடு.

கன்னியப்பன்: கடலு?

அருள்பாண்டி: ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். எங்கூருக்கு மீனு சைக்கிள்ல வரும். ஐஸ் போட்டு.

கன்னியப்பன்: அப்ப ரூமுக்கு வந்த புதுசுல வலை, படகுன்னு அளந்தியே...

அருள்பாண்டி: எல்லாரும் தூத்துக்குடியான்னு கேட்டாவ. ஆமான்னேன். படகு இருக்கான்னாவ. அதுக்கும் ஆமான்னுட்டேன். ஒரு ஆமா சொன்னா பின்னாலயே நாலு ஆமா சொல்ல வேண்டியிருக்கு.

கன்னியப்பன்: நல்லா கீது. ஒரு படகு இல்லாதவன், ஒரு கழனி இல்லாதவன். வெளங்கும்.

அருள்பாண்டி: எங்க கம்பெனில இதுக்கு ஒரு வழி உண்டு. காரு சீட்டுல தையலு கோணலாப் போச்சுன்னா சூப்பர்வைசர் வந்து ஏன், ஏன், ஏன்னு அஞ்சு தடவ கேப்பாரு. அஞ்சாவது ஏன்ல நெசமான காரணம் வந்துரும்.

கன்னியப்பன்: அப்டியா? இரு, நான் கேக்கறேன். மீனு ஏன் வரல?

அருள்பாண்டி: கடிக்கல, அதான்.

கன்னியப்பன்: ஏன் கடிக்கல?

அருள்பாண்டி: தூண்டிலு ஆடுது.

கன்னியப்பன்: தூண்டிலு ஏன் ஆடுது?

அருள்பாண்டி: எங் கையி ஆடுது.

கன்னியப்பன்: கை ஏன் ஆடுது?

அருள்பாண்டி: ராத்திரி பூரா தூக்கமில்ல.

கன்னியப்பன்: ஏன் தூக்கமில்ல?

அருள்பாண்டி: ...கொசு.

கன்னியப்பன்: கொசுவா. உங்க சூப்பர்வைசரு இந்த பதில ஒத்துக்குவாரா?

அருள்பாண்டி: நீங்க உங்க கதையச் சொல்லுங்க. செக்யூரிட்டி வேல எப்படிப் போவுது?

கன்னியப்பன்: என் கதைக்கு இன்னா... கம்பெனி மெயின் கேட்டு நிக்கற எடம் எங்க கழனிதான். முன்ன அங்க மாடு வெரட்டிகினு இருந்தேன். இப்ப காருக்கு சல்யூட் அடிக்கறேன். மாடாவது திரும்பிப் பாக்கும்.

அருள்பாண்டி: வருத்தமா இல்லியா?

கன்னியப்பன்: வருத்தந்தான். ஆனா புரோக்கர் ராஜாமணி நெலம் கேக்க மூணு தபா வூட்டுக்கு வந்தான்பா. குந்தி மோர் குடிச்சான். 'அண்ணே, மனசு வந்தா குடுங்க'ன்னு வாயத் தொறந்து கேட்டான். வேணாம்னு சொல்லத்தான் ஒக்காந்திருந்தேன். கேட்ட தோரணையில விழுந்துட்டேன். கேக்கறதுன்னு ஒண்ணு கீது பாரு...

அருள்பாண்டி: ம்...

கன்னியப்பன்: ஆமா, வந்த புதுசுல என்னிய அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கூப்ட்டுகினு இருந்த. கொஞ்ச நாளா ஒண்ணுமே கூப்பிட்றதில்ல. 'இந்தாங்க', 'ஏங்க', 'வந்து'... பொண்டாட்டி புருஷன கூப்பிட்ற மாதிரி கூப்பிட்ற. இன்னா விஷயம்?

அருள்பாண்டி: அப்படில்லாம் இல்லியே... ங்க.

கன்னியப்பன்: அந்த 'ங்க'வத்தான் சொல்றேன். சரி, நான் கடையாண்ட போயி பீடி வாங்கிகினு வரேன். எழுந்திரிக்காத. எழுந்தா மீனு பயந்துக்கும்.

அருள்பாண்டி: வராத மீனு எப்படிப் பயப்படும்?

கன்னியப்பன்: குந்துன்னா குந்து.

மாசானம்: ...ஏல அருளு. அவரு போயிட்டாரா?

அருள்பாண்டி: மாசானம், நீ என்னல இங்கன? ரூமுலல்லா இருக்கச் சொன்னேன்.

மாசானம்: சைக்கிள மிதிச்சிட்டு ஓடியாரேன். மூச்சு விட்டுக்கிடுதேன்.

அருள்பாண்டி: எம் பொழப்பப் பாத்தியால. இன்னைக்கி வீக் ஆஃப், ஐஸ்வர்யாவக் கூட்டிட்டு ஊருக்குப் போயிரணும்னு இருக்கேன். மனுசன் விடியக்காலமே கதவத் தட்டுதாரு. 'வா, மீன் புடிக்கலாம்'னு. ஓட வேண்டிய அன்னைக்கி பொண்ணோட அப்பன் கூடயே குத்தவச்சு மீன் புடிக்கேன். என்னப் போல ஒரு கூமுட்டைய எங்கயாவது பாத்திருக்கியா?

மாசானம்: தேடுனாக் கெடைக்காது.

அருள்பாண்டி: கோபாலண்ணன் என்ன சொன்னாரு?

மாசானம்: செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஆளு எறக்கிட்டு வண்டிய நேரா இங்கனயே கொண்டாராராம். மதகுகிட்ட நிப்பாட்டி ஹாரன் அடிப்பாரு. ஏறிக்கிட வேண்டியது. தாம்பரத்துல ரயிலு.

அருள்பாண்டி: ஐஸ்வர்யா?

மாசானம்: வண்டிக்குள்ள... ஆளு இருக்கும்.

அருள்பாண்டி: கோபாலண்ணன் தங்கமான மனுசம்ல. வேன் டிரைவருக்கு நம்ம மேல என்ன அக்கற பாரு. கேட்டதும் ஒரு வார்த்த மறுத்துப் பேசல. 'உன் சொந்த ஊரு எது, அம்மா பேரு என்ன'ன்னு எல்லாம் வெசாரிச்சாரு.

மாசானம்: ஆமாமா, தங்கந்தான்... ஏல, இவருகிட்டயே வாயத் தொறந்து கேட்டா என்னல?

அருள்பாண்டி: காலையிலருந்து மூணு தடவ தொறந்தேன். ஒரு தடவ கொட்டாவி வந்துது. ஒரு தடவ 'தண்ணி கொறஞ்சிட்டு'ன்னு சொன்னேன். இன்னொரு தடவ ஈ போயிருச்சு.

மாசானம்: நாலாந் தடவ தொற.

அருள்பாண்டி: என்னன்னு கேக்க? காண்ட்ராக்ட்ல இருக்கேன், உங்க சிமெண்ட் ஷீட்டு ரூமுலயே மூணு பேரோட கெடக்கேன், வேற ஊரு, வேற ஆளுக, பொண்ணக் குடுங்கன்னா? அவரு இல்லன்னுட்டா பெறவு ஐஸ்வர்யா மொகத்தப் பாக்கவே முடியாதுல. எனக்கு அந்தப் பயந்தான்.

மாசானம்: கேக்காமப் போனா இவரு மொகத்த?

அருள்பாண்டி: அதச் சொல்லாத. டெங்குவோ என்னவோன்னு நான் காய்ச்சல்ல கெடந்தப்ப இவருதான் டிவிஎஸ்ஸுல வச்சு ஆசுபத்திரிக்கு ஓட்டுனாரு. பின்னால சாஞ்சிராம இருக்க அவரு துண்டாலயே என்னை அவரு முதுகோட கட்டிக்கிட்டாரு. அந்த முதுகப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.

மாசானம்: அப்பக் கேளுல. நான் சொல்லுதேன், கேளு.

அருள்பாண்டி: நீ என்ன இன்னைக்கி இந்தப் பாடு படுத்துத? வாராரு, வாய மூடு.

கன்னியப்பன்: வாப்பா மாசானம். நீயும் தூத்துக்குடி மாவட்டமா?

மாசானம்: திருநவேலி அண்ணாச்சி.

கன்னியப்பன்: பாத்தியா, இவன் சோக்கா அண்ணாச்சின்றான். இவனுக்கு பயமில்ல.

மாசானம்: எனக்கு என்ன பயம்? நான் ஒண்ணும் செய்யலியே.

அருள்பாண்டி: ஏல...

கன்னியப்பன்: இரு, அவன வெரட்டாத. குந்து மாசானம். எங்க வூட்ல ஒரே பொண்ணு, தெரியுமில்ல? நெலம் போன அன்னிக்கி நான் அழுவல. டவுனுக்கு போயி பிரியாணி துன்னுட்டு வந்து படுத்துட்டேன். ஆனா ஐசு காலேஜ் பஸ்ஸு லேட்டா வந்தா ரோட்டுக்கும் வூட்டுக்கும் நடந்துகினே கீறேன். அவ ஒரு நாளு சொல்லாம எங்கனா போயிட்டான்னு வெச்சிக்க... எந்தப் பிரியாணியும் எறங்காது. செக்யூரிட்டின்னு சட்டையில எழுதியிருக்கு. சொந்த வூட்டுக் கேட்டு தொறந்து கெடந்துச்சின்னு ஊரே சிரிக்கும். சிரிச்சாலும் பரவால்ல... வூடு வெறிச்சினு பூடும்.

மாசானம்: வெயிலு கொளுத்துது, என்ன அருளு?

கன்னியப்பன்: அதோ, வேனு சத்தம். நம்ப கோபால் வண்டி போல கீது. கரை மேல எதுக்கு வரான்?

மாசானம்: ஹாரன் அடிக்காரு.

கன்னியப்பன்: நீ எங்கப்பா எழுந்துட்ட?

அருள்பாண்டி: ஷிஃப்ட்டு...

கன்னியப்பன்: உனக்கு இன்னிக்கி வீக் ஆஃபு.

அருள்பாண்டி: ஆமா.

மாசானம்: மறுபடியும் அடிக்காரு.

அருள்பாண்டி: அடிக்கட்டும். நான் ஏறல.

கன்னியப்பன்: எதுல?

அருள்பாண்டி: அந்த வண்டில. நீங்க உக்காருங்க. இல்ல, நில்லுங்க... அடிக்கிறதா இருந்தா நிக்கதுதான் வசதி. அந்த அஞ்சாவது ஏன் கேட்டீயளே, அது கொசு இல்ல. உங்க மக. எனக்கு ஐஸ்வர்யாவக் கட்டிக் குடுப்பீயளா? காண்ட்ராக்ட்டுதான். படகும் கெடையாது. மீனும் புடிக்கத் தெரியாது. அண்ணாச்சின்னு கூப்புட்டா அவ எனக்கு மக மொறை ஆயிருவா, அதான் வாய் வரல. அவ மேல உசுரா இருக்கேன். உங்கள ஏமாத்திட்டுப் போவ மனசு வரல. அவ்வளவுதான்.

கன்னியப்பன்: தூண்டில எடு.

அருள்பாண்டி: இப்பயா?

கன்னியப்பன்: எடு... புழு எங்கப்பா?

அருள்பாண்டி: கோக்கல. புழுவத் தொட்டா எனக்கு கொமட்டும். காலையிலருந்து வெறும் முள்ளத்தான் போட்டுட்டு இருக்கேன்.

கன்னியப்பன்: மாசானம், என்னுத எடு.

மாசானம்: அண்ணாச்சி... இதுல முள்ளே இல்லியே.

கன்னியப்பன்: கட்டினாத்தான இருக்கும்.

அருள்பாண்டி: அப்ப எதுக்கு இம்புட்டு நேரம்...

கன்னியப்பன்: நீ கேப்பன்னு குந்திகினு கீறேன். கோபால் சொன்னான். சுந்தராம்பா சொன்னா. நேத்து ஐசு அழுதுகினே சொன்னா. இந்த மாசானம் கூட சொல்லிட்டான். நீ ஒருத்தன்தான்பா சொல்லல. நெலத்துக்கே மூணு தபா வந்து கேட்டானுங்க. பொண்ணுக்கு ஒரு தபா கேக்க மாட்டியா?

அருள்பாண்டி: ஏல மாசானம்...

மாசானம்: மொறைக்காத. ரூமக் காலி பண்ணச் சொல்லிருவேன்னாரு. மத்த ரெண்டு பேரும் என்னக் கொன்னுருவானுவ.

அருள்பாண்டி: கோபாலண்ணன் ஏன் உங்ககிட்ட வந்து...

கன்னியப்பன்: சுந்தராம்பாளுக்கு கூடப் பொறந்த தம்பி. ஐசுக்கு தாய்மாமன்.

அருள்பாண்டி: தாய்மாமனா...

கன்னியப்பன்: இந்த ரோட்ல ஓடற கம்பெனி வேனு எல்லாம் நெலம் குடுத்துட்டு நம்ப ஆளுங்க வாங்கினது. எந்த வண்டில ஏறினாலும் ஓட்டறவன் எனக்கு மாமனோ மச்சானோதான். உனக்கு சரியா அவனே மாட்டினான்.

அருள்பாண்டி: பொண்ணத் தூக்க தாய்மாமன் வண்டியவே பிடிச்சிருக்கேன். என்னையெல்லாம் எங்க லைன்ல எப்படி வேலைக்கு வச்சிருக்கான்னு தெரியல.

கன்னியப்பன்: வெச்சிருக்கான் இல்ல, விடு. பொண்ணு தரலாமான்னு நானும் ராத்திரியெல்லாம் யோசன பண்ணேன். எனக்கும் கொசு.

அருள்பாண்டி: மாமா...

கன்னியப்பன்: ஆங், வந்துச்சா.

அருள்பாண்டி: ஐஸ்வர்யா வண்டில இருக்காளா?

கன்னியப்பன்: அவ வூட்ல அம்மாவோட மசாலா அரைச்சிகினு கீறா.

அருள்பாண்டி: அப்ப உள்ள ஆளு இருக்கும்னானே இவன். யாரு? நான் கேக்காம ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்?

கன்னியப்பன்: உள்ள உங்க அம்மா கீறாங்க. எஸ்.டி.டி. போட்டு வரவழைச்சேன். காலைல கோபால்தான் தாம்பரத்துல இட்டுகினு வந்தான். 'எம் பையன் தண்ணியப் பாத்தே வளராதவன், அவனுக்கு ஏது மீனு'ன்னு ஒரு பை கருவாடு எடுத்தாந்துகீறாங்க. நீ வாயத் தொறக்காம ஏறியிருந்தா, அம்மா, புள்ள ரெண்டு பேரையும் அப்டியே ஊருக்கு ரயிலேத்திட்டு வரச் சொல்லியிருந்தேன். இப்ப போ, வண்டிய வூட்டுக்கு திருப்பச் சொல்லு. மசாலா காயுது.