பெல்ட்டைப் பார்த்துச் சொன்ன முடிவு

கிங்ஸ் சர்க்கிளில் தாராவி பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து கேட்டது: "இவன் தேற மாட்டான்வே. பெல்ட்டப் பாரும்."

அங்கே இரண்டு பேர். தோல் பெல்ட் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் பட்டறைக்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பெரியவர் கையில் போன். அமெரிக்கக் கட்சி ஒன்றில், அதிபர் தேர்தலுக்கு யார் நிற்பது என்று தங்களுக்குள் போட்டி போடுகிறவர்கள் அதில் ஒவ்வொருவராக மேடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"பெல்ட்டுல என்ன அண்ணாச்சி இருக்கு?"

"பழைய தடம் மூணாவது ஓட்டையில கெடக்கு. இப்ப கடைசி ஓட்டையில மாட்டியிருக்கான். பயத்துல இளைச்சுட்டான்."

"அடுத்தவன்?"

"புது பெல்ட்டு. ஒரு மடிப்புகூட விழல. டிவிக்குன்னு வாங்குனது. இவன் இன்னும் ஓட்டுக் கேட்டு ஊர் சுத்தவே ஆரம்பிக்கல."

"அந்தம்மா?"

"பெல்ட்டே போடல. நான் என்னத்தச் சொல்ல?"

"அப்பம் யாருதான் வருவா?"

"கடைசியா வாரான் பாரும். வருசக்கணக்கா ஒரே ஓட்டையில மாட்டி, அந்த ஓட்டையே நீண்டு போச்சு. நல்லாத் தின்னு நல்லாத் தூங்குத ஆளு. இவன்தான், பக்கா."

இளையவர் போனை வாங்கி அந்த இடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவன் வந்தா நம்ம பெல்ட்டுக்குப் போட்ட வரியக் குறைப்பானா அண்ணாச்சி?"

பெரியவர் அதே உறுதியோடு சொன்னார்: "அது பெல்ட்டுல தெரியாதுவே."