மேசைக்கு மேலே இரண்டு கால்கள்

சிரிக்க வைப்பது கஷ்டமான வேலை, ஐயா. அழ வைக்க ஒரு வெங்காயம் போதும்.

எங்கள் படம் நான்கு நிமிடம். படிப்பின் கடைசிப் பருவத்துக்காக எடுத்தது. ஒரு பெயின்டர் ஏணியில் நின்று சுவரில் ‘பார்த்து நடக்கவும்’ என்று எழுதுகிறான். எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை விழுகிறான். அவ்வளவுதான் கதை. எழுத்து, இயக்கம், ஒலிப்பதிவு மூன்றும் நான். கேமரா எங்கள் வகுப்புப் பெண். விழுகிறவன் ஸ்பிரிங், வகுப்பில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். அவன் நடந்து வந்தாலே வகுப்பு சிரிக்கும். நான் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போய் வாசித்தாலும் ஒருவர்கூடச் சிரித்ததில்லை.

ஏணிக்குப் பின்னால் நீள மேசை, அதன் மறைவில் மெத்தை. அவன் பின்பக்கமாக விழவேண்டும், திரும்பிப் பார்த்தால் ஷாட் கெட்டுவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அவன், “மெத்தை?” என்பான். நான் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “மெத்தை” என்பேன். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்க மாட்டான்.

முதல் தொகுப்பை வகுப்பில் போட்டோம். முதலிரண்டு தடவையும் அவன் முழுதாக மேசைக்குப் பின்னால் மறைந்துவிடுவான். நல்ல சிரிப்பு. மூன்றாவது தடவை கால் இரண்டும் மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அங்கே ஒருவர் இருமினார், அவ்வளவுதான். மேடம் அந்த இடத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிக் காட்டினார்.

“காலப் பாருங்க, துள்ளுது. விழுந்த மாதிரியா இருக்கு? படுத்த மாதிரி இருக்கு. அப்புறம் நமக்கு எங்கேர்ந்து சிரிப்பு வரும்?”

மறுபடி எடுக்க ஒரு வாரம் தந்தார். இதில் தேறாவிட்டால் எனக்குப் பட்டம் கிடையாது.

அந்த மூன்றாவது விழுதலுக்கு எடுத்த ஒன்பது டேக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒன்பதிலும் கால் துள்ளியது. ஒவ்வொரு டேக் முடிந்து நான் ஹெட்போனைக் கழற்றியதும் அவனும் கேமராப் பெண்ணும் என் பக்கம் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. கூட இருந்தே குழி பறிப்பவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஸ்டேஷனில் தினமும் பார்க்கிறீர்கள். வேண்டுமென்றேதான் கெடுக்கிறான் என்று புரிந்தது. கோபம் வரவில்லை. குறை என் எழுத்தில் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதியாகத்தான் இருந்தது.

நீங்கள் காட்டிய படப்பிடிப்புத் திட்டத் தாளில், அந்த மூன்றாவது விழுதலுக்கு நேராக இருப்பது என் கையெழுத்துதான். ‘ஷாட் பதினொன்று. விழுகிறவனுக்குத் தெரியவேண்டாம்.’ கேமராப் பெண்ணும் அதைப் படித்தாள். பெயின்டர் பாத்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி எடுத்த அன்று அவன் ஏணியின் ஏழாவது படியில் நின்று, “மெத்தை?” என்றான். எட்டிப் பார்த்தேன். நேர் கீழே சிமெண்டுத் தரை. “மெத்தை” என்றேன்.

கால் துள்ளவில்லை. எழுதி வைத்தபடியே நின்றது. கேமராப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள், பதினோரு நொடி. பிறகுதான் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன். படத்தோடு மேடத்திடம் கொடுக்கவேண்டிய பகுப்பாய்வு அறிக்கையிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்: ‘மூன்றாவது இடம் இப்போது எடுபடுகிறது.’ அந்தக் கால்கள் இன்னும் அசையவில்லை என்று அவனுடைய அக்கா ஆஸ்பத்திரியில் அழுவதாகச் சொன்னீர்கள். வருத்தம்தான்.

ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். ஏணியில் ஏறுவதற்கு முன் அவன் கேமராப் பெண்ணிடம் முணுமுணுத்தது அவன் சட்டை மைக்கில் பதிவாகியிருக்கிறது.

“ஒம்பது தடவையும் சொதப்பிட்டேன், பாவம் அவன். இந்த தடவ கால கல்லு மாதிரி வச்சுக்கறேன். எப்படியாச்சும் அவன் பாஸாகணும்.”

இது அப்போதே காதில் விழுந்ததா என்று கேட்டீர்கள். ஹெட்போன் என் தலையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கேட்ட பிறகுதான் மெத்தையைக் காலால் தள்ளினேன்.

சொன்னபடி செய்வானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது, ஐயா.